ஆயில் பம்பு விஷயத்தில் உங்கள் பெரியப்பா தவறு செய்யவில்லை

என் பிள்ளைகளே,

உங்கள் பெரியப்பா நம்மைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் எழுத என்னைவிடப் படித்தவர்கள் நம் வீட்டில் உண்டு. ஒரு விஷயம் எனக்கு மட்டுமே தெரியும் என்பதால் நான் எழுதுகிறேன்.

அவர் பாறசாலைக்கு அருகே பிறந்தார். எங்கள் அப்பா இறந்ததும் படிப்பை விட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறினார். என்னைத் தனுவச்சபுரத்தில் பத்தாம் வகுப்புவரை படிக்கவைத்தார். பிறகு இருவரும் சேர்ந்து ஒரு பழைய டீசல் காரை வாங்கினோம். ஓட்டுவது அவர், சவாரி பேசுவது நான். காலையில் ஆயில் அளவு பார்க்காமல் அவர் சாவி திருப்பியதில்லை. நோயாளி என்றால் கூலி பேசவும் விடமாட்டார்.

ஒருநாள் காரின் ஆயில் எச்சரிக்கை விளக்கு விட்டு விட்டு எரிந்தது. மெக்கானிக் பம்பைக் கழற்றிக் காட்டினார்.

“பம்புக்க பல்லு தேஞ்சு போச்சு. புதுசு வர நாலு நாளாவும். இதையே சரியாக்கணும்னா நாளைக்கே தாறேன். ஆனா எவ்வளவு தூரம் ஓடும்னு எனக்கிட்ட கேக்கப்பிடாது.”

“புதுசே போடுவோம்லே,” என்றார் பெரியப்பா.

இரண்டு நாள் கழித்து, பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணப் புடவை எடுக்கப் பாலராமபுரம் போக வேண்டியிருந்தது. நல்ல நேரம் பார்த்து, வீட்டார் எல்லோரும் சேர்ந்து போகிற காரியம். நம்முடைய கார் வரும் என்று நாலு பேர் முன்னால் வாக்குக் கொடுத்திருந்தவன் நான்.

“வேற வண்டி பிடிக்கச் சொன்னா எனக்க மொகத்த எங்க கொண்டு வைக்க? சரியாக்கினா போதும் அண்ணே,” என்றேன்.

“ஒனக்க மொகத்துக்கு என்ஜின் ஓடாது மக்கா,” என்று சிரித்தார். ஆனால் அதற்குமேல் மறுக்கவில்லை. என் விருப்பத்துக்கு அவர் எப்போதும் அப்படித்தான் விட்டுக்கொடுப்பார்.

நெய்யாற்றின்கரை தாண்டியதும் பம்பு ஆயில் ஏற்றாமல் என்ஜின் இறுகி நின்றது. நல்ல நேரம் வழியிலேயே கழிந்தது. பெண்ணின் அப்பா இறங்கி வந்து, “ஆயிலு நோக்காமலாக்கும் வண்டி எடுத்தீரு?” என்று கேட்டார். நான் அருகில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

“எனக்க தப்பாக்கும். வேற ஆரையும் சொல்லாண்டாம்,” என்றார் பெரியப்பா.

அந்தச் சொல் ஊர் முழுவதும் பரவியது. காரை இரும்பு விலைக்குக் கொடுத்தோம். பிறர் வண்டி ஓட்டக் கேட்டுப் போன இடத்திலும், “என்ஜின கெட வச்ச ஆளுல்லா” என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசிவரை பெருங்கடவிளைச் சந்தையில் வாழைக்குலை நிறுத்துக்கொடுத்தார். ஒருமுறைகூட என்னைக் குறை சொன்னதில்லை.

மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தப்பு என்னுடையது என்று சொல்லிவிடலாம் என்று கட்டிலருகே உட்கார்ந்தேன். “எலே, அதையே நினைச்சோண்டு இருக்கியா? போய் சாயா குடிச்சிட்டு வா,” என்றார். நானும் எழுந்து போய்விட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

கடைசி நாட்களில் இரவு பகல் பாராமல் அவரைக் கவனித்த பெரியம்மாவுக்கும், ஆஸ்பத்திரிக்கு வந்துபோன அயல்வீட்டாருக்கும், உண்மை தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காத மெக்கானிக்குக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இதைப் படிக்கும் உறவினர்களிடம் ஒன்றே கேட்கிறேன். இனி யாராவது அந்தக் காரின் பேச்சை எடுத்தால், கெடுத்தவன் தம்பி என்று சொல்லுங்கள். பிள்ளைகளே, நான் இருக்கும் இடத்திலேயே நீங்களும் அதைச் சொல்லலாம்.