ஒரு சக்கைப் பாட்டாவது பாடியிருக்கலாம்

பால்மாப் பேணியின் மூடியைக் கரண்டிப் பிடியால் நெம்பித் திறந்தால் முதலில் வருவது பழைய மாவின் புளித்த மணம், அதன் பின்னால் சூடேறிய பிளாஸ்டிக்கின் மணம், எல்லாவற்றுக்கும் அடியில், ஈரக்காற்றில் நாடா பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க உம்மா போட்டுவைத்த ஒரு பிடி அரிசியின் மணம். அந்தப் பேணிக்குள்தான் எங்கள் வீட்டு நான்கு பாட்டுக் கசற்றுகளும் இருந்தன. பிள்ளைகளே, சின்ன வயதைப் பற்றி எழுதுகிறவர்கள் இனிப்பாக எழுதுவார்கள். எனக்கு அந்த மணத்தை நினைத்தால் கோபம்தான் வருகிறது, ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் 'களப்புக் கோஷ்டி' என்ற பாட்டுக் குழு என்றால் புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் தெரியாத ஆள் இல்லை. உப்பளத்தில் வேலை செய்த இருவர், எத்தாளைப் பக்கத்து மீன்பிடிக்காரர் இருவர், பாடுவதற்கு ஒரு தையற்காரர், மொத்தம் ஐந்து பேர். மற்றவர்களுடைய கசற்றை வாங்கினால் முதற்பக்கத்தில் இரண்டு பாட்டு நன்றாக இருக்கும், மிச்சம் எல்லாம் 'சக்கை', கை தானாகவே ஓட்டிவிடும் பொத்தானைத் தேடிப் போகும். "ரெண்டு பாட்டுக்கு உயிர், எட்டுப் பாட்டுக்கு உமி" என்பார் வாப்பா. களப்புக் கோஷ்டியின் கசற்றில் பத்துப் பாட்டும் பாட்டாக இருக்கும், ஒன்றைப் போட்டால் பக்கம் முடியும்வரை யாரும் எழும்பமாட்டார்கள். ஒரு வருசம் அவர்கள் கசற்றே போடவில்லை. கடைக்காரர்கள் போய்க் கேட்டதற்கு, "ஏழு பாட்டுத்தான் வந்திருக்கு, மூணு இன்னும் வரல்ல" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

நாங்கள் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து, புத்தளத்து அகதி முகாமில் தென்னோலைக் கிடுகு வீட்டில் இருந்தோம். உம்மா கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போவா. வீட்டில் ஒரு நல்ல பாய்கூட இல்லாத காலத்திலும் களப்புக் கோஷ்டியின் அந்த நான்கு கசற்றையும் அவதான் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தா. எனக்கு ஒன்பது வயதானபோது உம்மா வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போனா. போகும்போது பேணியை மூத்தவளான ராத்தாவின் கையில் கொடுத்து, "பாட்டுல கை வெச்சிராதீங்க, வந்து கேப்பன்" என்று மட்டும் சொன்னா. ராத்தாவுக்கு அப்போது பதினான்கு வயது.

முகாமில் அநேகம் பேருக்குக் கடிதம் எழுத நேரமும் வராது, எழுத்தும் வராது. குரலைத்தான் அனுப்புவார்கள். வீட்டில் எல்லோரும் வட்டமாக இருந்து, வாப்பா முதலில் சலாம் சொல்ல, பிறகு ஆளுக்கு ஆள் கதைத்து, கோழி கூவுவதும் பக்கத்து வீட்டுச் சண்டையும் சேர்ந்தே பதிந்து, அந்தக் கசற்றைத் துணியில் சுற்றிக் குவைத்துக்குப் 'போற ஆள்' ஒருவரிடம் கொடுத்துவிடுவோம். மாதக்கணக்கில் காத்திருந்தால் 'வாற ஆள்' ஒருவரிடம் அதே கசற்றில் உம்மாவின் குரல் வரும். எங்கள் குரலுக்கு மேலே உம்மா கதைத்திருப்பா. நாங்கள் அதை நாடா தேயத் தேயக் கேட்போம். பிறகு யாராவது போகிறார் என்று தெரிந்ததும், உம்மாவின் குரலுக்கு மேலே நாங்கள் கதைப்போம். வெறுங்கசற் என்று எங்களிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

பாட்டுக் கசற்றிலும் பதியலாம். அழியாமல் இருக்க அதன் மேல்விளிம்பில் உள்ள சின்னப் பல்லை உடைத்துத்தான் விற்பார்கள், ஆனால் அந்தப் பள்ளத்தில் கடதாசியை மடித்து அடைத்தால் அழித்துப் பதியலாம் என்பது முகாமில் எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு ஹாஜரா மாமி அப்படித்தான் செய்தா. அவவுடைய மகன் சவூதியில் இருந்தார். வீட்டில் கிடந்த பாட்டெல்லாவற்றையும் அழித்து அழித்து அவருக்குக் கதைத்து அனுப்பினா, அவர் அனுப்பியதை அப்படியே எடுத்துவைத்தா. "எங்கட வீட்டில கேக்கிற மாதிரி ஒரு பாட்டும் இல்ல புள்ள, எதுல கதைச்சாலும் நட்டமில்ல" என்று சிரிப்பா. வாப்பா அந்த வீட்டுக்குக் 'காது செத்த வீடு' என்று பெயர் வைத்திருந்தார்.

மூன்றாவது முறை உம்மாவின் குரல் வந்தபோது, இதை அழிக்கவேண்டாம் என்று ராத்தா பிடிவாதமாக நின்றா. பாட்டுக் கசற் ஒன்றில் எங்கள் பதிலைப் பதிவோம், உம்மாவிடம் நான் ஏச்சு வாங்குகிறேன் என்றா. வாப்பாவும் சம்மதித்தார். ஜும்ஆ முடிந்து வந்து நான்கு கசற்றையும் பாயில் பரப்பி, கூடாத பாட்டு இருக்கும் பக்கத்தை அழிப்பதென்று முடிவு செய்து, ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டோம். முதற்கசற்றில் இல்லை. இரண்டாவதில் ஒரு பாட்டைக் காட்டி வாப்பா, "இது கொஞ்சம் இழுவை" என்றார், பாதிக்கு வந்ததும் அவரே கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வெள்ளியும் கேட்டோம். நாற்பது பாட்டிலும் தூக்கி எறிய ஒரு பாட்டு அகப்படவில்லை.

கடைசியில் ராத்தா மூன்றாவது கசற்றின் இரண்டாம் பக்கத்தை எடுத்துக் கடதாசியை மடித்தா. அந்தப் பக்கத்தில்தான் எனக்கு உயிரான பாட்டு இருந்தது. நான் அதைப் பறித்துச் சாரத்துக்குள் சுற்றிக்கொண்டு, இதை அழித்தால் உம்மாவோடு ஒரு வார்த்தையும் கதைக்கமாட்டேன் என்று கத்தினேன். போகிற ஆள் வாசலில் வந்து நின்றார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவர் அவசரப்படுத்தினார்.

"உம்மாட குரலுக்கு மேல நாங்க கதைச்சா, பிறகு உம்மா எங்க வாப்பா?" என்று ராத்தா கேட்டா.

"அவ அடுத்ததுல கதைப்பா தானே மகள். இந்தப் பாட்டு போனா திரும்பி வருமா?" என்றார் வாப்பா. சொல்லிவிட்டு உம்மாவின் கசற்றைப் போட்டுப் பதிகிற பொத்தானை அமத்தினார். அதன் பிறகு அதைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் அப்படியே செய்தோம்.

நான்கு வருசம் கழித்து உம்மா வந்தா, சிறுநீரகம் இரண்டும் பழுதாகி வந்தா. ஆசைப்பட்டபடி நான்கு கசற்றையும் படுத்திருந்து கேட்டா, ஒன்றும் குறையவில்லை என்று சந்தோசப்பட்டா. எட்டு மாதத்தில் மௌத்தாகிவிட்டா. வீட்டிலே இருக்கிற மனுசியின் குரலைப் பதிந்துவைக்க அந்த எட்டு மாதத்தில் எங்களில் ஒருவருக்கும் புத்தி வரவில்லை.

உம்மாவை அனுப்பிய 'ஏஜென்சிக்காரன்' மேல் கோபப்படு என்பார்கள். அவன்மேலும் கோபம்தான், ஆனால் அவன் எங்கள் வீட்டுக்குள் வந்து பொத்தானை அமத்தவில்லை. வாப்பாமேல் கோபம். சாரத்துக்குள் கசற்றைச் சுற்றிக்கொண்டு கத்திய என்மேல் அதைவிடக் கோபம். அந்த ஐந்து பேர்மேலும் கோபம், அது நியாயமில்லை என்று தெரிந்தும் கோபம். நாற்பது பாட்டில் ஒரு சக்கைப் பாட்டாவது பாடித் தொலைத்திருந்தால் உம்மாவின் குரல் ஒரு பக்கமாவது மிஞ்சியிருக்கும். காது செத்த வீடு என்று நாங்கள் சிரித்த ஹாஜரா மாமியின் வீட்டில் மகனுடைய குரல் ஒரு பெட்டி நிறைய இருந்தது.

சில வருசத்துக்கு முன் சிலாபத்தில் ஒரு கலியாண வீட்டில், கோஷ்டியில் பாடிய அந்தத் தையற்காரரைக் கண்டேன். கிழவராகியிருந்தார். ஒரே தட்டில் கூடிச் சாப்பிடும் புரியாணி சகனில் பக்கத்தில் இருந்த அவரிடம் மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டினேன், உங்களுக்கு ஒரு கூடாத பாட்டுப் பாட வராதா என்றும் கேட்டுவிட்டேன். அவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கூடாத பாட்டு எவ்வளவோ பாடினம் மகன்," என்றார். "எங்களிட்டயும் ஒரு கசற்தான் இருந்திச்சு. அதுக்கு மேலயே திரும்பத் திரும்பப் பதிஞ்சு அழிச்சிட்டம்."

என் பங்கு இறைச்சியையும் அவர் பக்கம் தள்ளிவைத்தேன்.

இன்றைக்கு அந்த நாற்பது பாட்டும் கைத்தொலைபேசியில் இருக்கின்றன. யாரோ ஏற்றிவைத்திருக்கிறார்கள், நீங்கள் பஸ்ஸில் போகும்போதும் கேட்கிறீர்கள். முகாம் இல்லை, வாப்பா இல்லை, கசற் போடுகிற 'செற்' எந்த வீட்டிலும் இல்லை. போன நோன்புக்கு முன் ரேடியோ திருத்துகிறவர் ஒருவரிடம் பழைய செற் ஒன்று கிடந்ததைக் கேள்விப்பட்டு, உம்மாவின் பையோடு திரும்பிவந்த அந்தக் கசற்றைக் கொண்டுபோய்ப் போட்டுக் கேட்டேன். நாங்கள் கடைசியாக அனுப்பிய பதில் அதில் இருந்தது. உடையத் தொடங்கிய குரலில் நான்தான் கதைத்துக்கொண்டே போகிறேன், பாடசாலை, பந்து, ராத்தா அடித்தது, அதுவும் இதுவும். நான் மூச்சு வாங்க நிறுத்துகிற இடங்களில் அடியிலே உம்மா ஏதாவது சொல்கிறாவா என்று செற்றோடு காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. வாயை மூடடா என்று சொல்லவேண்டும் போல இருந்தது.