ரோலர்ல கட்டின மாலை

காலேஜ்ல லேப் ரிப்போர்ட்டு எழுதுனா அதுல "நான்"னு வரவே கூடாது. அளக்கப்பட்டது, சூடாக்கப்பட்டது. யாரு சூடாக்குனா, பேயா? அப்படியே எழுதிப் பழகிட்டேன். மலேசியாவுல, ஈப்போவுல படிக்கிறேன், இந்த வருஷந்தான் ஒரு லெக்சரர் புதுசா வந்தாரு. "ஒங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு மிஷினப் பத்திக் கட்டுரை எழுதுங்க. ஆனா நீங்களும் அதுக்குள்ள இருக்கணும்"னாரு.

பக்கத்துல இருந்தவன், "மிஷினுக்குள்ள போனா சட்னிதான்லா"ன்னான். கிளாஸே சிரிச்சுச்சு. எனக்குச் சிரிப்பு வரல.

எனக்கு நல்லாத் தெரிஞ்ச மிஷினு ஒன்னுதான். செமோர் பக்கம் எங்க எஸ்டேட்டு ஃபேக்டரியில, கட்டியான ரப்பர் பால நசுக்கி ஷீட்டாக்குற ரோலர். போன வருஷம் அதுதான் அப்பாவோட வலது கையில மூனு வெரல எடுத்துச்சு. ஆபீஸ்ல "தொழிலாளியின் கவனக்குறைவு"ன்னு எழுதி மூடிட்டாங்க.

டைப்ரைட்டர்ல படபடன்னு அடிச்சிக்கிட்டே போனேன். ரெண்டு உருளை எதிரெதிரா சுத்தும், ஈர ரப்பரு வழுக்கும், கையையும் சேத்து இழுக்கும். முன்னால வயித்து ஒசரத்துல ஒரு இரும்புக் கம்பி, அத இடிச்சா மோட்டாரு நின்னுரும்.

அங்க நின்னுட்டேன். அப்ப அப்பா இடிக்கலயா? ரிப்போர்ட்டா இருந்தா தாண்டிப் போயிருப்பேன். இது எங்கப்பா கையாச்சே, எப்படித் தாண்டுறது?

பஸ் ஏறி வீட்டுக்குப் போயிட்டேன். மறுநாள் ஆயுத பூஜை.

"அப்பா, அன்னிக்கி கம்பிய இடிச்சீங்களா?"

"இடிச்சேன்."

"அப்புறம்?"

"நவுரல." இடது கையால சட்டப் பட்டனப் போட்டுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் கொரல எறக்கி, "பூஜைக் கயிறு"ன்னாரு.

பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் சந்தனம் பூசி மாலை போடுவாங்க. ரோலருக்கு வருஷா வருஷம் மாலை கட்டுறது அம்மாவோட தம்பி, எங்க மாமா. மாலை தொங்க நல்ல எடம் அந்தக் கம்பிதான். ராஃபியா பிளாஸ்டிக் கயித்தால கம்பியையும் ஃபிரேமையும் சேத்து இறுக்கிருக்காரு. வாடுன பூவ யாரோ எடுத்துப் போட்டாங்க. கயிறு அப்படியே கெடந்துருக்கு.

"நானும் பாத்தேன்"னாரு அப்பா. "சாமிக்குக் கட்டுன கயிறு. எப்படி அறுக்கறது?"

"மாமாகிட்ட சொல்லலியா?"

"சொன்னா அவன் தாங்குவானா? நீ வாய மூடிக்கிட்டு இரு."

"நாளைக்கு மறுபடியும் கட்டுவாருப்பா! இப்ப அந்த மிஷின்ல யாரு நிக்கிறா?"

"அவன்தான். பூஜை முடியட்டும், நானே போயி அறுத்துருவேன்."

"ஒங்களுக்கு அங்க வேலையே இல்ல. உள்ள விடுவானுங்களா?"



பூஜைக்கு மட்டும் எல்லாரையும் உள்ள விடுவாங்க; காலையில நானும் அப்பாவும் ஃபேக்டரிக்குப் போனோம். மாமா தோள்ல மாலையோட நின்னாரு. "அடடே, எஞ்சினியரம்மா! வந்து மிஷினுக்குப் பொட்டு வைங்க. ஒங்கள நம்பித்தான் இது ஓடப்போவுது"ன்னு கிண்டல். கம்பியையும் ஃபிரேமையும் சேத்துக் கயித்தச் சுத்தி இறுக்க ஆரம்பிச்சாரு.

"மாமா, அதுல கட்டாதீங்க."

"ஏன்லா, எப்பயும் இங்கதானே?"

"அது நவுரணும் மாமா. கட்டுனா நவுராது."

சிரிச்சிக்கிட்டே கம்பிய ஒரு தள்ளு தள்ளிப் பாத்தாரு. நவுரல. இன்னொரு தரம் தள்ளுனாரு. சிரிப்பு போயிருச்சு. திரும்பி, வாசல்ல நின்ன அப்பாவப் பாத்தாரு.

"மச்சான், போன வருஷமும் இங்கதானே கட்டுனேன்?"

"பூஜைக்கு நேரமாச்சு"ன்னாரு அப்பா. "மாலைய வேற எடத்துல போடு."

மாமாவுக்குக் கயித்த அவுக்க வரல. நான்தான் அவுத்தேன்.

அதுக்கப்புறம் மாமா எங்க வீட்டுக்கு வர்றதில்ல. அப்பா தேடிப் போனாலும் கதவத் தெறக்கறதில்ல. "ஒன் படிப்பு என் தம்பிய என்னா பண்ணிருச்சு பாத்தியா?"ன்னு அம்மா கேக்குறாங்க. கட்டுரைய முடிக்க ஒக்காந்தா அந்தக் கேள்விக்கு என்னா பதில் அடிக்கிறதுன்னே தெரியல. ரோலர் முன்னால இன்னும் மாமாதான் நிக்கிறாரு. கம்பி நவுருது. அது மட்டுந்தான் எனக்கு நிச்சயமாத் தெரியும்.