பேசாலைக்குப் போன பிள்ளைக் கதிரை

வெள்ளிக்கிழமை காலை, கொழும்பு கோட்டை ரயில் நிலையம். தலைமன்னார் ரயிலுக்காக நின்ற கூட்டத்தில், கார் இல்லாமல் கார்க் கதிரையைத் தூக்கிக்கொண்டு நின்றவள் நான் ஒருத்திதான். ஒரு கையில் ஐந்து வயது மகள் ஜெனி, மற்றக் கையில் காருக்குள் அவளை இருத்திப் பட்டி போடுகிற கதிரை. வெளிநாடு போன பக்கத்து வீட்டுக்காரரிடம் பாதி விலைக்கு வாங்கியது. சுமை தூக்குகிறவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஐந்நூறு ரூபாய் கேட்டார். பையென்றால் முந்நூறாம். "இது பை இல்லையே, மிஸ்" என்றார். ஐந்நூறையே எடுத்துக் கொடுத்தேன்.

கணவரின் ஊர் மன்னார்த் தீவிலுள்ள பேசாலை. அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அவருடைய தம்பி அன்ரனின் வீட்டில் மூன்று நாள் நிற்கலாமென்று நானும் மகளும் கிளம்பினோம். அன்ரனின் மனைவி ரீற்றாவின் அக்கா முள்ளிக்குளத்தில் இருக்கிறார். அவருடைய மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை முதல்நன்மை, கோவிலில் முதன்முறையாக நற்கருணை வாங்குகிற நாள். பேசாலையிலிருந்து முள்ளிக்குளம் அன்ரனின் வான் வண்டியில் ஏறக்குறைய எழுபது கிலோமீற்றர், திரும்பவும் எழுபது. அந்த நூற்றி நாற்பதுக்காகத்தான் இந்தக் கதிரை.

என்னைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள். இருக்கட்டும். ஜெனிக்கு மூன்று வயதில், கொழும்பின் காலி வீதியில் வாடகைக் கார் ஒன்று சடாரென்று பிறேக் போட்டது. மடியில் இருந்தவள் முன்சீற்றுக்கு அடியில் போய் விழுந்தாள். காயம் எதுவும் இல்லை. ஆனால் என் இரண்டு கைகளும் அவளைப் பிடித்தபடியேதான் இருந்தன. பிடித்த கைகளுக்குள் அவள் இல்லை. அன்றிலிருந்து ஓடுகிற வாகனத்தில் என்னால் நிம்மதியாக இருக்க முடிவதில்லை.

ரயிலில் எதிரே இருந்தவர் முருங்கனில் இறங்கப் போகிற ஓர் அம்மா. மதவாச்சி வரைக்கும் கதிரையையே பார்த்துக்கொண்டு வந்தவர், அதற்குமேல் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"என்ன பிள்ளை இது, சலூன் கதிரையோ?"

"இல்லையம்மா. காருக்குள்ளை பிள்ளையைக் கட்டி வைக்கிறது."

"கட்டி வைக்கிறதோ?" அவர் ஜெனியைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவ்வளவு குழப்படியோ?"

ஜெனி பெருமையோடு "ஓம்" என்றாள்.

முருங்கன் கழிந்து வயல்கள் முடிந்ததும் வெயிலின் நிறம் மாறியது. தீவுக்குப் போகிற பாலத்தில் ரயில் ஏறும்போது இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், கரையோரம் ஒற்றைக்காலில் நிற்கிற பறவைகள், காற்று என்றால் அப்படியொரு காற்று. தீவின் தென்கரையில் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஜன்னலருகே எழுந்து நிற்பதும் உட்காருவதுமாக ஜெனியைவிட நான்தான் குழப்படி செய்துகொண்டு வந்தேன்.

பின்னேரம், பேசாலை நிலையம். அன்ரன் வானோடு நின்றார். கடற்கரையில் மீன் வாடி வைத்து வியாபாரம் செய்கிறவர். ஓய்வு நேரத்தில் வானை வாடகைக்கும் ஓடுகிறார். ஜப்பானிலிருந்து பழசாக வந்த வான்தான், ஆனால் உள்ளே கல்யாண மண்டபம்போல் இருந்தது. எல்லாச் சீற்றுக்கும் பளபளவென்று சிவப்பு ரெக்சின் கவர், விளிம்பில் வெள்ளைக் கரை.

"எப்பிடி அண்ணி? மன்னார் ரவுணிலை தைச்சது. அறுபத்தையாயிரம். போன கிழமைதான் போட்டது."

உண்மையிலேயே அழகாக இருந்தது, சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. பிறகு கதிரையைச் சீற்றில் வைத்துவிட்டு பெல்ற்றைத் தேடினேன். ஜன்னலோரத் தூணில், பொலித்தீன் உறைகூடக் கழற்றாமல் சுருட்டிக் கட்டியிருந்தது. அதைக் கொழுவுகிற பூட்டைக் காணவில்லை. சீற்றுக்கும் சாய்மானத்துக்கும் இடையில் கையை விட்டுப் பார்த்தேன். ரெக்சின் ஒரே துண்டாக, இடைவெளி இல்லாமல் இறங்கியிருந்தது.

"தம்பி, பூட்டு எங்கை?"

"எல்லாம் இருக்கு அண்ணி. கவருக்குக் கீழை பத்திரமாக் கிடக்கு. வெளியிலை விட்டால் வடிவில்லையெண்டு தைக்கிறவர் சொன்னவர். முன்னுக்கு மட்டும் விட்டிருக்கு. பொலிஸ் பாக்கிறது அங்கைதானே."

வீடு வரைக்கும் இரண்டு கிலோமீற்றர். கதிரையை இரண்டு கையாலும் சீற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு போனேன். கதிரை பிள்ளையைப் பிடிக்க, நான் கதிரையைப் பிடிக்க, என்னைப் பிடிக்க ஒருவரும் இல்லை.

சனிக்கிழமை காலை ஜெனியையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் மன்னார் நகருக்குப் போனேன். முதல்நன்மைக்காரிக்கு ஏதாவது வாங்கவேண்டும் என்பது சாட்டு. உண்மையில் வீட்டுக்குள் இருப்புக்கொள்ளவில்லை. சந்தைக்கு முன்னால் கழுதைகள் சாவகாசமாக நின்றன. இந்த ஊரில் அவைதான் ஆற அமர நடக்கின்றன, வாகனங்கள்தான் விலகிப் போகின்றன. நான் கடைகளைப் பார்க்கவில்லை, வாகனங்களுக்குள்ளேயே பார்த்தேன். ஒரு காரில் தகப்பன் ஒழுங்காகப் பெல்ற் போட்டிருந்தார்; பின்னால் இரண்டு பிள்ளைகள் சீற்றில் ஏறி நின்று கண்ணாடிவழியாகக் கை காட்டினார்கள். நானும் காட்டினேன். இன்னொரு காரில் சாரதியின் மடியிலேயே ஒரு குழந்தை, ஸ்ரேறிங்கில் கை வைத்தபடி. தாய் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் அன்பில்லாதவர்கள் இல்லை. பிள்ளையைக் கட்டி வைப்பதுதான் இங்கே அன்பில்லாத வேலை.

பின்னேரம் அன்ரனிடம் நேராகவே கேட்டுவிட்டேன். கவரில் ஓரிடம் திறக்கவேண்டும். இல்லாவிட்டால் நானும் மகளும் பஸ்ஸில் வருகிறோம்.

"பஸ்ஸிலை பெல்ற் இருக்கோ, அண்ணி?"

எனக்குச் சுருக்கென்றது. காலையில் அதே பஸ்ஸில்தான் நானும் ஜெனியும் போய் வந்திருந்தோம்.

ரீற்றா சமாதானத்துக்கு வந்தாள். "அக்கா, ஜெனி என்ர மடியிலை வரட்டும். இல்லாட்டில் யூட்டைப்போலை முன்னுக்கு வச்சு, பெல்ற்றை இரண்டு பேருக்கும் சேத்துப் போடுவம். நாங்கள் அப்பிடித்தானே போறனாங்கள்."

யூட் அவளுடைய இரண்டு வயது மகன். ஒரே பெல்ற்றுக்குள் இரண்டு பேர் இருந்தால், வாகனம் முட்டும்போது தாயின் பாரம் முழுக்கப் பிள்ளைமேல்தான் விழும் என்றேன். ரீற்றாவின் முகம் சுருங்கிப்போனது.

"பெத்தவளுக்குப் பிள்ளையைப் பிடிக்கத் தெரியாதோ, அக்கா?"

வந்த இடத்தில் இப்படிப் பேசிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவும் மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். வானடியில் அன்ரன் சவர பிளேட்டோடு குனிந்திருந்தார். சாரதிக்குப் பின்சீற்றில் தையல் ஓடுகிற இடமாகப் பார்த்து, நூல் நூலாகப் பிரித்து, ஒரு பூட்டை மட்டும் வெளியே எடுத்தார். "போதுமோ?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கதிரையை இறுக்கிக் கட்டி ஜெனியை இருத்தினேன். நான் அவளுக்குப் பக்கத்தில். முன்னால் ரீற்றா, அவள் மடியில் யூட், இருவருக்கும் குறுக்கே ஒரே பெல்ற்.

மன்னார்ப் பாலத்தில் காற்று வானைத் தள்ளியது. தள்ளாடி என்கிற ஊரின் சந்தியில் பொலிஸ் நிற்பது தெரிந்ததும் அன்ரன் தன் பெல்ற்றை இழுத்துக் கொழுவினார்; பொலிஸ்காரரைக் கடந்ததும் கழற்றிவிட்டார். பிறகு தெற்கே வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை. வலப்பக்கம் கடல் தெரிவதும் மறைவதுமாக வந்தது. முசலிப் பக்கத்துச் செம்மண்ணும் பற்றைக்காடும் பார்க்க வேண்டியவைதான். நான் பார்த்தது யூட்டின் பின்தலையை. என் பிள்ளை பத்திரமாக இருக்கிறாள், இனி நிம்மதியாக வரலாம் என்றல்லவா நினைத்திருந்தேன்? ஒரு கதிரை, ஒரு பூட்டு, இரண்டு பிள்ளைகள். யூட்டை இதில் இருத்தினால் ஜெனி எங்கே இருப்பாள்? கேட்க வாயெடுப்பேன், மகளைப் பார்ப்பேன், வாயை மூடிக்கொள்வேன். சிலாவத்துறை வரைக்கும் இதுதான் நடந்தது.

முள்ளிக்குளத்தில் கடற்படை முகாமின் வேலியோரமாகப் போய்ச் சேர்ந்தோம். பூசை, வெள்ளை உடுப்பில் சிறுமி, பிறகு ரீற்றாவின் அக்கா வீட்டில் இறால் குழம்பும் பலகாரமும். எல்லாரும் நல்லாகக் கவனித்தார்கள். நான் இரண்டு தரம் வெளியே வந்து வானைப் பார்த்துவிட்டுப் போனேன்.

"அண்ணிக்கு வான் களவு போயிடுமெண்டு பயம்" என்றார் அன்ரன். கோபம் ஆறியிருந்தது.

திரும்பும்போதும் அதே இடங்களில்தான் இருந்தோம். பாலம் வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. "பாத்தீங்களோ அண்ணி, நூற்றிச் சொச்சம் கிலோமீற்றர். ஒண்டும் நடக்கேல்லை" என்றார் அன்ரன். நான் தலையாட்டினேன். பாலத்தைத் தாண்டி நகரத்தையும் கடந்து பேசாலை வீதியில் ஏறினோம். பொழுது சாய்கிற நேரம். "இனி வீடுதானே" என்று ரீற்றா பெல்ற்றைக் கழற்றிவிட்டாள். யூட்டுக்குப் புழுக்கமாம்.

வளைவுக்கு அப்பால், சூடு ஆறாத தார்மேல் ஒரு கழுதை படுத்திருந்தது.

அன்ரன் பிறேக் போட்டார். ஜெனி முன்னால் போய்ப் பட்டியில் மாட்டி மீண்டும் சாய்ந்தாள். நான் முன்சீற்றின் முதுகில் மோதினேன். யூட்டின் சப்பாத்து ஒன்று கண்ணாடியில் அடித்து விழுந்தது. பிறகு கீழேயிருந்து அவன் அலறுகிற சத்தம். தாயின் காலடியில் குப்புறக் கிடந்தான்.

தூக்கிப் பார்த்தோம். கீழ் உதடு பல்லில் பட்டுக் கிழிந்திருந்தது. நெற்றியில் ஒரு வீக்கம். கை கால் எல்லாம் அசைத்தான், தண்ணீர் கேட்டான், கழுதையைக் காட்டி ஏசினான். கழுதை எழுந்து, எங்களைப் பார்த்துவிட்டு, நடந்து போனது.

ரீற்றா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பிடிச்சுக்கொண்டுதானே இருந்தனான் அக்கா. இந்தா, இப்பிடித்தானே பிடிச்சுக்கொண்டு இருந்தனான்."

"தெரியும் ரீற்றா. நானும் அப்பிடித்தான் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்" என்றேன். காலி வீதிக் கதையை அந்த வீதியோரத்தில் வைத்து அவளுக்குச் சொன்னேன். இருவருமாக அழுதோம்.

அன்ரன் பின்கதவைத் திறந்தார். மீன் வெட்டுகிற கத்தியோடு வந்தார். "அண்ணி, மற்றப் பக்கத்துப் பூட்டு எவடத்திலை வரும்?" கையால் தடவி இடத்தைக் காட்டினேன். தையலைத் தேடவில்லை, நூல் பிரிக்கவில்லை. சிவப்பு ரெக்சினை நடுவால் ஒரே இழுப்பில் கிழித்துப் பூட்டை வெளியே எடுத்தார்.

யூட்டைக் கதிரையில் இருத்தினோம். நான் நடுவில், ஜெனிக்கு மற்றப் பக்கத்துப் பெல்ற். பெல்ற் அவளுடைய கழுத்தை உரசியது; முழுக்கச் சரியில்லைத்தான். இன்னும் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் இருந்தது. அன்ரன் தானும் பெல்ற்றைப் போட்டுக்கொண்டு மிக மெதுவாக ஓட்டினார். பொலிஸ் எங்கும் நிற்கவில்லை. வழியில் மன்னார் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப்போய்க் காட்டிவிடுவோம் என்று ரீற்றா சொன்னாள். திரும்பிப் போய்க் காட்டினோம். உதட்டுக்குத் தையல் வேண்டாம் என்றார்கள்.

திங்கட்கிழமை காலை கதிரையை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். ஜெனி இனி அதற்கு வளர்ந்துவிட்டாள் என்று எல்லாருக்கும் சொன்னேன். ஜெனியைத் தவிர எல்லாரும் நம்பினார்கள். ரயில் பாலத்தில் ஏறியபோது தீவைத் திரும்பிப் பார்த்தேன். கதிரையை விட்டு வந்தாயிற்று, சரி. நாளைக்கும் அதில் இருத்துவார்களா? நாளன்றைக்கு? உதட்டு வீக்கம் வற்றிய பிறகு? சந்தை கிட்டத்தானே என்று ஒரு நாள், பிள்ளை அழுகிறான் என்று ஒரு நாள். இந்த யோசனையோடுதான் கோட்டை வரைக்கும் வந்தேன்.

கோட்டையில், வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வாடகைக் கார் பிடித்தேன். கதிரை இல்லை. பின்சீற்றின் இடுக்குக்குள் கையை விட்டுத் துழாவினேன். பிஸ்கட் தூள், ஒரு ஊசி, கடைசியில் பூட்டு. சாரதி, "கிட்டத்தானே, மிஸ்" என்றார். "ஓம், கிட்டத்தான்" என்று சொல்லிக்கொண்டே ஜெனிக்குக் கொழுவினேன்.

அப்போது ரீற்றா படம் ஒன்று அனுப்பினாள். வானுக்குள் யூட், வீங்கின உதட்டோடு சிரிக்கிறான், கதிரையில்தான் இருக்கிறான். ஆனால் அவன் பாதி கடித்துப் பிடித்திருந்த பணிஸ் வயிற்றடியை, பட்டி பூட்டுகிற இடத்தை, மறைத்தது. விரலால் பெருப்பித்துப் பார்த்தேன். தெரியவில்லை. மனம் கேட்கவில்லை. "கொழுவியிருக்கோ?" என்று எழுதினேன்.

சிறிது நேரத்தில் இன்னொரு படம் வந்தது. பணிஸ் இல்லை. பட்டி நெஞ்சில் இறுக்கமாக இருந்தது. சீற்றில் அன்ரன் கிழித்த இடத்தைச் சுற்றி, மேலும் கிழியாமல், பொத்தான் துளைக்குத் தைப்பதுபோல் நீல வலை நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தாள். ஒரு நாள் தேவைக்கு யாரும் அப்படித் தைக்க மாட்டார்கள். நான் விட்டு வந்தபோது இரண்டு துளைகள். படத்தில் மூன்று இருந்தன. நடுச்சீற்றிலும் ஒன்று, அதற்கும் நீல நூல்.

கீழே எழுதியிருந்தாள்: "நடுவிலை இருக்கிறது உங்களுக்கு அக்கா. போன முறை நீங்கள் ஒண்டும் போடாமல்தானே வந்தனீங்கள்."

கார் ஓடத் தொடங்கியிருந்தது. சாரதியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, என் பக்கத்து இடுக்குக்குள் கையை விட்டேன்.