பலகை மேல் பனி

உக்குவளையில் லெஸ்லியின் பனியைத் தெரியாதவர்கள் குறைவு. நத்தார் நெருங்கினால் அவர் வீட்டு முன்னறை முழுக்க வெள்ளையாகிவிடும். கோயில்களுக்குப் பாலன் குடில், கண்டிக் கடைகளின் கண்ணாடிக்குள் வைக்கப் பனி மூடிய சின்னக் கிராமங்கள். டீவிப் பெட்டிகளில் அடைத்துவரும் வெள்ளை ரெஜிபோமைச் சல்லடையில் தேய்த்துத் தூளாக்கி, பசை தடவிய கூரைகள் மேல் தேத்தண்ணீர் வடியால் தூவுவார். மினுக்கத்துக்குக் கொஞ்சம் காக்காப்பொன் தூள். அப்பச்சோடாவில் செய்தால் இன்னும் அசலாக இருக்கும்தான். மாத்தளை ஈரத்துக்கு அது பழைய பல்லைப்போல மஞ்சளித்துவிடும்.

பனியை அவர் கண்டதில்லை. கண்டவன் மகன் மெல்றோய்.

ஏஜென்சிக்காரன் ஒருவன் பேச்சைக் கேட்டு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டுப் போனவன், போலந்து எல்லைக் காட்டுக்குப் பக்கத்தில் நின்று ஒரு வீடியோ அனுப்பினான். சப்பாத்துக் காலால் பனியை மிதித்துக் காட்டினான்.

"உங்க பனி பிழை அப்பா. நீங்க எல்லாப் பக்கமும் மாவு மாதிரித் தூவுறீங்க. இங்க பாருங்க, காத்தடிக்கிற பக்கம் மட்டுந்தான் மரத்துல ஒட்டியிருக்கு. மிதிச்சா சத்தம் வேற போடுது."

சொல்லிவிட்டுச் சிரித்தான். மூக்கு சிவந்திருந்தது. அதன்பிறகு அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கடைசியில் அங்கிருந்த உதவி அமைப்புக்காரர்கள்தான் ஒரு படம் அனுப்பினார்கள். பெயர் வாயில் நுழையாத ஒரு கிராமத்துச் சவக்காலை, பனி மூடிய ஒரு மேடு, அதன் தலைமாட்டில் மரச்சிலுவை. குளிரில் விறைத்துப்போனவனை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

நவம்பரில் ஆத்துமாக்கள் தினம் வந்தது. அன்றைக்கு எல்லாரும் தங்கள் ஆட்களின் கல்லறையைப் புல் செருக்கி, வெள்ளையடித்து, மெழுகுதிரி ஏற்றிவைத்துக் காத்திருப்பார்கள். பாதர் ஒவ்வொன்றாக வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். லெஸ்லியின் மனைவி அஞ்சலா மெழுகுதிரிப் பெட்டியோடு மாத்தளைச் சவக்காலைக்குப் போய் வாசல் கேற்றிலேயே நின்றாள். தெரிந்தவர்கள் தங்கள் கல்லறையில் ஏற்றச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. பெட்டியைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அடுத்த வருடம் மழை தொடங்கியதுமே சொல்லிவிட்டாள்.

"பாதர் மந்திரிக்க எனக்கு ஒரு இடம் வேணுங்க."

லெஸ்லிக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். படத்திலிருந்த மேட்டையே செய்து தருவதாகச் சொன்னார்.

ஹார்ட்வெயார் கடை ஹாஷிம், டீவிப் பெட்டிகளில் வந்த ரெஜிபோமை எப்போதும் அவருக்கென்று எடுத்துவைப்பவர். பாலன் பிறக்க இன்னும் எவ்வளவு நாள் கிடக்குது, அதுக்குள்ள குளிர் வந்திட்டுதா லெஸ்லி அண்ணே என்று கேலி பண்ணினார். என்னத்துக்கு என்று லெஸ்லி சொன்னதும், கையிலிருந்த கயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டே இருந்தார். ஒரு சுற்றுப் போதுமான கட்டுக்கு நாலைந்து சுற்றுச் சுற்றினார்.

படத்தை ஃபோனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து லெஸ்லி மேட்டைச் செதுக்கினார். மகன் சொன்னபடி தூளை ஒரே பக்கமிருந்து ஊதிவிட்டார். சிலுவையின் ஒரு விளிம்பில் மட்டும் பனி ஒட்டியது. பள்ளங்களில் நீலம் ஒரு சொட்டு. இத்தனை காலத்தில் முதல்தடவையாகப் பனி சரியாக வந்திருந்தது. அந்த எண்ணம் வந்ததும் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

அஞ்சலா வந்து பார்த்தாள். விரலால் அமுக்கினாள்.

"மெத்துன்னு இருக்கு" என்றாள். விரலை எடுக்காமலே, "பனின்னா இப்பிடித்தான்னு நீங்கதானே அவனுக்குக் காட்டினீங்க. சின்னதுல குடிலுக்குள்ள கைய விட்டு அளைஞ்சுக்கிட்டே இருப்பான். அது ஆளைக் கொல்லும்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

பசை காய்ந்த பிறகும் லெஸ்லி அந்த அறையைவிட்டு வெளியே வரவில்லை.

ஆத்துமாக்கள் தினத்தன்று பஸ்ஸில் அதை மடியில் வைத்து, குடையால் மூடி, மாத்தளைச் சவக்காலைக்குக் கொண்டுபோனார்கள். பாதர் சற்று யோசித்தார். பிறகு, ஆண்டவருக்கு இடம் தெரியும், வையுங்கள் என்று சொல்லி மதிலோரம் வெறுமையாகக் கிடந்த நிலத்தைக் காட்டினார். அஞ்சலா மெழுகுதிரிப் பெட்டியைப் பிரித்து, ஒரு மெழுகுதிரியைச் சிலுவைக்கு முன்னால் பனிக்குள் அழுத்தி நட்டு ஏற்றினாள். மெழுகுதிரியில் கால்வாசிதான் வெளியே தெரிந்தது.

அப்போதுதான் லெஸ்லிக்கு உறைத்தது. ரெஜிபோமுக்குக் கிட்ட நெருப்பைக் கொண்டுபோக யாரையும் அவர் விட்டதில்லை. குடில்களுக்குள் சின்ன பல்ப் மட்டுந்தான் போடுவார். இந்தத் தடவை நாள்பூராவும் பனியையே நினைத்திருந்தார். மெழுகுதிரி ஏற்றத்தான் இதைச் செய்கிறோம் என்பது நினைப்பிலேயே இல்லை.

பாதர் நித்திய இளைப்பாற்றிச் செபத்தைத் தொடங்கினார். சுடரைச் சுற்றிப் பனி பின்வாங்கியது. விளிம்பு கறுத்தது. பிளாஸ்டிக் நாற்றம் கிளம்ப, பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிலுவை சாய்ந்தது. லெஸ்லி குனிந்து ஊதப் போனார். அஞ்சலா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுங்க. கரையட்டும். அடியில மண்ணு தெரியும்."

அடியில் மண் இல்லை. பனிக்குக் கீழே அவர் எதையும் செய்வதில்லை, யாரும் பார்க்கப்போவதில்லை என்று. மேடு முழுக்க ரெஜிபோம், அதற்குக் கீழே ஒட்டுப்பலகை. அதைச் சொல்லிவிட வாயெடுத்தார். பாதர் செபத்தை முடித்துத் தீர்த்தம் தெளித்தார். மெழுகுதிரி சரிந்து அணைந்தது.

அஞ்சலா முழந்தாளிட்டுக் குழிக்குள் பார்த்தாள். பலகை தெரிந்தது. சிலுவை நடுவதற்காக அவர் பென்சிலால் குறுக்குக் கோடுகளாகப் போட்ட புள்ளடி ஒன்று இருந்தது. அதை விரலால் தடவினாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவன் இங்கயும் இல்லீங்க" என்றாள்.