சீல் வைத்த கம்ப்யூட்டருடன் நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூருக்கு

போன மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சீல் வைத்த பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றோடு நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூர் போனேன். பெரிய கோயில் பார்க்கப் போகிறவர்களுக்கு எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கோர்ட் வழக்குக்காகக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு எழுத ஆள் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன். தப்பு இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள், உங்களுக்கும் பொழுது போகும்.

பக்கத்து வீட்டுச் சுலைகாவின் வீடுதான் விஷயம். அவள் புருஷன் கரீம் மஸ்கட்டில் வேலை பார்த்தவர். பத்து வருஷம் முன்பு ஒரு புரட்டாசியில் அங்கேயே இறந்துபோனார். போன வருஷம் கரீமின் தம்பி பஷீர் ஒரு பத்திரத்தை நீட்டினார். அண்ணன் இறப்பதற்கு ஒரு வருஷம் முன்பே வீட்டைத் தனக்கு ஹிபாவாக, அதாவது தானமாக, எழுதிக் கொடுத்துவிட்டார் என்றார். அதற்கு ரிஜிஸ்டர் தேவையில்லையாம். கையெழுத்தும் இருந்தது. அந்தப் பத்திரம் நின்றால் சுலைகா தெருவில் நிற்க வேண்டும்.

பத்திரத்தின் அடியில் பொடி எழுத்தில் எங்கள் ஊர் டைப்பிங் கடையின் பெயர் இருந்தது. கடை மூடி ஆறு வருஷம் ஆகிறது. கம்ப்யூட்டர் மட்டும் முதலாளி வீட்டுப் பரணில் கிடந்தது. அதைத் திறந்து, பத்திரம் எப்போது அடிக்கப்பட்டது என்று பார்க்கச் சொல்லி, கோர்ட் ஒரு இளம் வக்கீலம்மாவைக் கமிஷனராகப் போட்டது. பெட்டி இரண்டு தரப்பின் கண் முன்னாலேயே போக வேண்டும் என்று அந்த அம்மா எல்லோரையும் ஒரே காரில் ஏற்றிவிட்டார். முன் சீட்டில் பஷீர். பின்னால் வக்கீலம்மா, சுலைகா, அவளுக்குத் துணையாக நான். என் மடியில் பெட்டி.

காலை 9.10க்குக் கிளம்பினோம். போக வர வாடகை 1,800 ரூபாய். கார் நகருவதற்குள் வெற்றிலைப் பெட்டியிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு எடுத்துப் பெட்டியின் மூலையில் ஒரு பொட்டு வைத்தேன்.

"என்ன பண்றீங்க பெரியவரே?" என்று வக்கீலம்மா பதறினார்.

"அடையாளம்மா. வழியில பெட்டி மாறிட்டா?"

"அதுக்குத்தான அரக்கு சீல் வச்சிருக்கு!"

"அரக்கு எல்லாக் கடையிலயும் கிடைக்கும். என் விரல் கிடைக்குமா?"

பஷீர் திரும்பிப் பார்த்தார். "இந்தப் பெருசை எதுக்கும்மா ஏத்துனீங்க?"

"நீ இறங்கு தம்பி, நானும் இறங்கிடறேன்" என்றேன்.

கோயில்வெண்ணி தாண்டியதும் பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. எதிரே அறுவடை மெஷின். அது ஒதுங்கப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் பஷீர் குனிந்து யாருக்கோ மெசேஜ் அடித்துக்கொண்டிருந்தார். அம்மாபேட்டையில் டிரைவர் செல்வம் டீக்கு நிறுத்தினார். எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. என் வயதில் காலையில் எவ்வளவு நேரம் அடக்க முடியும் என்று உங்களுக்குத் தெரியாது, தெரியும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள். செல்வம் மட்டும் காரோரம் நின்று போனில் கிசுகிசுத்தார்.

"யாருப்பா போன்ல?"

"பொண்டாட்டிங்க."

"பஷீர் ஆளு இல்லையே?"

"நீங்களே பேசுறீங்களா? காலையிலேருந்து கத்திக்கிட்டே இருக்கா."

வேண்டாம், நம்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். முழுசாக நம்பவில்லை.

33 கிலோமீட்டர்தான். ஆனாலும் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டர் நிபுணரின் அலுவலகத்தை அடையும்போது 10.35. மாடிப்படி இருபத்திரண்டு. நிபுணர் ஒல்லியாக, சிரிக்காத ஆள். சிரிக்காதவர்களை நான் லேசில் நம்புவதில்லை. அவர் சீலைப் படம் எடுத்தார், என் சுண்ணாம்பையும் எடுத்தார். பிறகு கம்ப்யூட்டரைப் போடவே இல்லை. உள்ளேயிருந்து ஹார்டு டிஸ்கை மட்டும் கழற்றி ஒரு சின்ன டப்பாவில் செருகினார்.

"ஆன் பண்ணாம எப்படிங்க பார்ப்பீங்க?" என்று கேட்டேன்.

"ஆன் பண்ணுனாலே உள்ள தேதியெல்லாம் மாறிடும் சார். இந்த டப்பா வழியா படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. ஒரு நகல் எடுத்து, நகல்லதான் தேடுவோம்."

நகல் எடுக்க நாற்பது நிமிஷம். முடிந்ததும் ஒரு முழ நீளத்துக்கு எண்ணும் எழுத்துமாக வந்தது. டிஸ்கின் கைரேகை மாதிரியாம். பிற்பாடு ஒரு எழுத்தை மாற்றினாலும் இது மாறிவிடுமாம். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

பத்திரத்தின் ஃபைல் கிடைத்தது. தேதியைப் பார்த்தால், அந்தக் கடை திறப்பதற்கே பல வருஷம் முந்தைய தேதி! கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போனதால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் ஆரம்பத்துக்கே போயிருக்கிறது. எங்கள் ஊரில் கரண்ட் போகாத நாள் ஏது?

"கடிகாரமே பொய் சொல்லுது, இதை வச்சு என்னத்தக் கிழிக்கப் போறீங்க?" என்று பஷீர் எழுந்துவிட்டார். சுலைகா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வழியில் மெசேஜ் போனது இந்த ஒல்லி ஆளுக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அவரோ அசையவில்லை. "உக்காருங்க. அந்தக் காலத்துல டைப் அடிக்கிறவங்க புது ஃபைல் திறக்க மாட்டாங்க. திறந்தா இங்கிலீஷ்தான் வரும். தமிழ் எழுத்து ஏற்கெனவே இருக்கற பழைய ஃபைலத் திறந்து, உள்ள இருக்கறத அழிச்சுட்டு அதுலயே அடிப்பாங்க. அழிச்சது கண்ணுக்குத் தெரியாது, ஆனா ஃபைலுக்குள்ளயே கிடக்கும்" என்றார்.

பத்திரத்துக்கு அடியில் கிடந்ததைத் தோண்டி எடுத்தார். முதலில் புரியாத இங்கிலீஷ் கிறுக்கல். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருவைப் போட்டதும் வாக்கியமாக மாறியது. வக்கீலம்மா சத்தமாகப் படித்தார். "திருக்கடையூரில் நிகழும் கார்த்திகை மாதம் 12ஆம் நாள்…" அடுத்தது என் பெயர். அதற்கடுத்தது என் வீட்டுக்காரி பெயர்.

என் அறுபதாம் கல்யாணப் பத்திரிகை!

சுலைகாதான் முதலில் வாயைத் திறந்தாள். "அண்ணே, உங்க அறுபதாம் கல்யாணத்துக்கு நான் வரல. அவுக மௌத்தாகி ரெண்டு மாசந்தான் ஆயிருந்துச்சு, இத்தாவுல வெளிய வராம இருந்தேன்."

கரீம் இறந்தது புரட்டாசி. என் பத்திரிகை அடித்தது ஐப்பசி. அதை அழித்துவிட்டு அதன்மேல் அடித்த பத்திரத்தில் கரீம் எப்படிக் கையெழுத்துப் போட்டார்?

"எனக்கு எப்படித் தெரியும், கடைக்காரனக் கேளுங்க" என்றார் பஷீர். குரல் இறங்கியிருந்தது.

"கடைக்காரன் எதுக்கு? நீதான தம்பி வேன்ல முன் சீட்டு புடிச்சு திருக்கடையூர் வந்தே? மூணு ஜாங்கிரி தின்னே. வீட்டுல அண்ணி துக்கத்துல இருக்காங்கன்னு ஒரு பார்சலும் கட்டி வாங்கிட்டுப் போனே."

வக்கீலம்மா அதையும் எழுதிக்கொண்டார். ஜாங்கிரியை எழுதினாரா என்று தெரியவில்லை.

இப்படிப் போக நேர்ந்தால் சில விஷயம். பழைய கம்ப்யூட்டர் ஓடுகிறதா என்று வீட்டில் ஆன் செய்து பார்க்காதீர்கள், அதுவே வழக்கைக் கெடுக்கும். சீல் வைக்கும்போதும் பிரிக்கும்போதும் பக்கத்தில் நில்லுங்கள். அந்த நீள எண்ணின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடாதீர்கள். மிச்சமிருந்த என் பத்திரிகை இரண்டும் இப்போது கோர்ட்டில் இருக்கின்றன. மாடிப்படி ஏறுவதற்கு முன் கீழே கட்டணக் கழிப்பறை உண்டு, ஐந்து ரூபாய். தீர்ப்பு இன்னும் வரவில்லை. நிபுணரின் அறிக்கை போய்விட்டது. அந்த ஒல்லி ஆளை நான் தப்பாக நினைத்துவிட்டேன், இதை அவரிடம் சொல்லப்போவதில்லை.

திரும்பும்போது பஷீர் காரில் ஏறவில்லை, பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டார். சாலியமங்கலம் வரை சுலைகா வயலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, பார்சல்னீங்களே… எந்தப் பார்சல்?"