கிணற்றுக்குள் நான், பெட்டியில் படம்

கொலைகாரனைக் காதலிக்கும் படங்கள் எனக்குப் பிடிக்கும். திட்டுபவர்கள் திட்டட்டும். மத்தியானத்தில் வெங்காயத்தைப் பிடியாகக் கட்டும்போது போனை ஸ்பீக்கர் பெட்டியோடு இணைத்துப் பலமாகப் போட்டுவிடுவேன். ஊரில் நூறு ஆண்கள் இருக்க, கதாநாயகிக்கு அந்தக் கொலைகாரன்தான் கிடைப்பான். உண்மை தெரிந்ததும் அலறுவாள். புத்தூரில் எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு முழுக்கக் கேட்கும்.

சென்ற மாதம் படத்தை ஓடவிட்டுவிட்டு, தண்ணீர்ப் பம்பின் குழாயைப் பார்க்கப் போனேன். கால் வழுக்கிக் கிணற்றுக்குள் விழுந்துவிட்டேன். எனக்கு நீந்தத் தெரியாது. குழாயைப் பிடித்துத் தொங்கியபடி, "ஐயோ, காப்பாத்துங்கோ!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு வளவில் குலமும் அவன் மனைவியும் கதைத்தது எனக்கு நன்றாகக் கேட்டது.

"இஞ்சேருங்கோ, ஆரோ கத்துகினம்."

"செல்வி அக்காவின்ரை படமப்பா. இண்டைக்கும் ஒருத்தி அம்பிட்டிட்டாள்."

அதற்குச் சிரிப்பு வேறு! எனக்கோ கை வழுக்குகிறது.

"எட குலம், விசரா! படமில்லையடா! நான் கிணத்துக்கை கிடக்கிறன்!"

அதன்பிறகுதான் வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடிவந்து, கயிறு போட்டு என்னை இழுத்தெடுத்தான். நான் தண்ணீர் சொட்ட நிற்க, "முதலே என்ரை பேரைச் சொல்லிக் கத்தியிருக்கலாமே அக்கா" என்கிறான்! அவனை ஏசுவதா, என்னை ஏசுவதா?

படம் பார்ப்பதை நான் விடவில்லை. ஆனால் ஸ்பீக்கர் பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். இனி என் வளவில் யாராவது அலறினால் அது நான்தான் என்று குலத்திடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.