மொட்டை முதுகுக் கோழி

என் கணவர் கல்ஃபிலிருந்து வந்தால், முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கோழியை அடித்துக் குழம்பு வைக்க வேண்டும். கடைக்கோழி எடுபடாது. இந்த முறை அவர் வந்தபோது என்னிடம் இருந்தவை மார்த்தாண்டத்தில் வாங்கிய நாலு பழுப்புக் கோழிகளும் ஒரு சேவலும்.

நாலில் ஒன்றுக்கு முதுகு மொட்டை. சேவல் மிதித்தும், முட்டைப் பெட்டியில் நுழைந்து உரசியும் இறகு தேய்ந்து, தோல் சிவப்பாகத் தெரியும். வால் என்று சொல்லிக்கொள்ள நாலைந்து குச்சிகள். அநேகமாக நித்தமும் முட்டை போட்டது அதுதான். காலையில் என் மகள் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போகும் முட்டை அதனுடையது. இன்னொன்று பேரழகி. முட்டையை நிறுத்தி, பழைய இறகை உதிர்த்து, புது இறகு முளைத்து மின்னிக்கொண்டு திரிந்தது. தின்ற தீனியெல்லாம் இறகுக்குப் போனால் முட்டைக்கு என்ன மிஞ்சும்?

இதை என் மாமியாரிடம் சொல்லி மாளவில்லை.

"அந்த மொட்டைய அடிச்சிருவோம். சீக்குக் கோழிய எதுக்குட்டி தீனி போட்டு வளக்க?"

"அத்தை, அது சீக்கு இல்ல. அதுதான் முட்ட போடுது. பின்னால தொட்டுப் பாருங்க, முட்ட வர்ற வழியில எலும்புக்கு நடுவுல மூணு விரலு போகும். அந்த அழகிக்கு ஒரு விரலு போகாது."

"கண்ணு இருக்கப்போ விரலு எதுக்கு?"

அவருடைய மகனுக்கும் அதே கண்தான். திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி வெளியே வந்தவர் முதலில் கேட்டதே, "என்னட்டி, தலையில முடியெல்லாம் எங்க போச்சி?" என்றுதான். பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்துக் கொடுத்தது கூந்தல் எண்ணெய்ப் புட்டி. வந்த மூன்று நாளும் அதே பேச்சு. எனக்கு எரிச்சலாக வந்தது. விடியுமுன் எழுந்து தோவாளைச் சந்தைக்குப் பூக் கட்டுகிறேன். பிறகு சமையல், மகள், மாமியாரின் முழங்கால் வலி. இதில் முடிக்கு எங்கே நேரம்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே அழகியைப் பிடித்துக் கூடையைக் கவிழ்த்து மூடி, மேலே கல்லும் வைத்துவிட்டு, உள்ளியும் தேங்காயும் வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அழகி முற்றத்தில் கோதிக்கொண்டு நின்றது. கூடை நிமிர்ந்து கிடந்தது. கொல்லையில் மாமியார் கோழியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பறிக்க இறகே இல்ல மக்ளே, சுளுவா முடிஞ்சிற்று," என்றார் சந்தோஷமாக.

"அம்சமான கோழி. அத அறுக்க மனசு வரல," என்றார் கணவர், முற்றத்தில் நின்ற அழகியைக் காட்டி.

அரிவாள்மணையை எடுத்து நானே வயிற்றைக் கீறினேன். உள்ளே மஞ்சள் கருக்கள் கொத்தாகக் கிடந்தன. ஒன்று எலுமிச்சை அளவு, அடுத்தது நெல்லிக்காய், பிறகு சுண்டைக்காய், அப்புறம் எண்ண முடியாத பொடிகள். கடைசியில் ஓடு முற்றிய ஒரு முழு முட்டை, அன்றைக்குப் போட வேண்டியது.

மாமியார் கையைக் கழுவிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார். நான் அந்த முட்டையைத் துடைத்துக் கணவர் கையில் வைத்தேன். அது இன்னும் சூடாக இருந்தது. அவர் முட்டையைப் பார்த்தார், பிறகு என் தலையைப் பார்த்தார்.

விடுமுறை முடிந்து விமானம் ஏறும்வரை அந்த எண்ணெய்ப் புட்டியைப் பற்றி அவர் பேசவே இல்லை.